ஓகாமி எச்.டி: எதில் வரைகிறீர்கள் என்பதே பாதி விளையாட்டு

மலையகத்தில் ஓகாமி என்ற வீடியோ கேமை வாங்க நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இதில் தானாகச் சேமிக்கும் வசதி இல்லை என்பதைத்தான். ஆங்காங்கே இருக்கும் கண்ணாடிகளுக்குப் போய் நாமேதான் சேமிக்க வேண்டும். ஏப்ரல் மாதத்துப் பின்னேர இடியில் அட்டனிலோ பண்டாரவளையிலோ கரண்ட் போனால், கடைசிக் கண்ணாடிக்குப் பிறகு செய்ததெல்லாம் போச்சு. வானம் இருட்டிக்கொண்டு வந்தால் சண்டையைத் தொடங்காமல் கண்ணாடியைத் தேடி ஓடுங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே டெஸ்க்டாப்பை விட பற்றரியில் ஓடும் லேப்டாப் மேல், அதையும் விட கையில் வைத்து விளையாடும் நின்டெண்டோ ஸ்விட்ச் மேல்.

கதை சுருக்கமாக: சூரிய தேவி அமதெராசு வெள்ளை ஓநாயாக வந்து, இருள் மூடிய நாட்டுக்கு உயிர் கொடுக்கிறாள். ஜப்பானிய மொழியில் 'ஓகாமி' என்றால் ஓநாய் என்றும் பெருந்தெய்வம் என்றும் பொருள்படும். கூடவே ஒரு விரற்கடை அளவு இஸ்ஸுன், நம் கூத்துக் கோமாளி போல வாய் மூடாமல் பேசிக்கொண்டு வருவான். கப்கொம் கேம் நிறுவனத்தின் க்ளோவர் ஸ்டூடியோ, ஹிடெகி கமியாவின் இயக்கத்தில், 2006 இல் பிளேஸ்டேஷன் 2 க்கு உருவாக்கியது. இப்போது கிடைப்பது படத்தைத் தெளிவாக்கிய எச்.டி பதிப்பு: பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பொக்ஸ் வன், பிசி மூன்றுக்கும் 2017 டிசம்பரில், ஸ்விட்ச்சுக்கு 2018 ஓகஸ்டில் வந்தது. திரை முழுவதும் மைத்தூரிகையால் தீட்டிய ஓவியம் போல இருப்பதால் இருபது வருடப் பழசு என்று கண்ணுக்குத் தெரியாது.

விளையாட்டின் உயிர் தூரிகை. ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் உலகம் அப்படியே நின்று பழுப்புக் காகிதமாகிவிடும். அதன்மேல் வரைந்துவிட்டுப் பட்டனை விட்டால், வரைந்தது நடக்கும். பத்துக்கு மேற்பட்ட வித்தைகள் உண்டு. வானத்தில் வட்டம் போட்டால் சூரியன், பிறை போட்டால் இரவு. பட்ட மரத்தைச் சுற்றி வட்டமிட்டால் பூக்கும். தண்ணீரில் அதே வட்டம் தாமரை இலையாகி மிதக்கும். எதிரியின் குறுக்கே ஒரு நேர்கோடு வாள்வெட்டு. இரண்டு கிடைக்கோடுகளை ஒன்றின்கீழ் ஒன்றாக இழுத்தால் மூடுபனி இறங்கி நேரம் மெதுவாகும். தலவாக்கலையில் வளர்ந்தவர்களுக்கு அந்த வித்தையை விளக்கத் தேவையில்லை.

சிக்கல் வட்டத்தில்தான் வரும். வட்டத்தை மூடும்போது கோடு கொஞ்சம் வெளியே நீண்டால், அது வெடிகுண்டுக்கான வடிவம். மரத்தைப் பூக்க வைக்கப் போய் அதன் அடியில் குண்டு வைத்த அனுபவம் எல்லோருக்கும் வரும். காற்றை வரவழைக்க வரையும் சுழி, வட்டத்துக்கும் குண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும், அதனால் அதுவும் குழம்பும். தீர்வு, சின்ன வட்டமாகப் போடாமல் பொருளை நன்றாக உள்ளடக்கிப் பெரிதாகப் போடுவது. தொடங்கிய புள்ளியைத் தொட்டதும் கையை எடுத்துவிடுவது. புள்ளிக் கோலத்தில் சுழி முடிக்கத் தெரிந்த கைக்கு இது அரை மணி நேர வேலை. வெட்டு விழவில்லை என்றால் அநேகமாகக் கோடு வளைந்திருக்கும். நேர்கோட்டுக்கென்று தனிப் பட்டன் உண்டு, கன்ட்ரோல் பக்கத்தில் பார்த்து அதையே பழகுங்கள்.

மையும் கணக்குத்தான். ஒவ்வொரு வித்தைக்கும் மைக்குடம் குறையும், சற்று நேரத்தில் தானாக நிறையும். முழுதாகத் தீர்ந்தால் அமதெராசு ஆயுதமில்லாத வெறும் ஓநாயாகிவிடுவாள். மிருகங்களுக்குத் தீனி போட்டும் மரங்களைப் பூக்க வைத்தும் கிடைக்கும் புகழ்ப் புள்ளிகளை முதலில் மைக்குடத்துக்குச் செலவழியுங்கள், உயிர்மானி பிறகு பார்க்கலாம்.

இப்போது கருவிக்கு வருவோம். ஸ்விட்ச்சைக் கையில் வைத்து விளையாடும்போது விரலாலேயே திரையில் வரையலாம். இதை மிஞ்ச வேறெதுவும் இல்லை. பனிக்காலத்தில் விரல் ஈரமாக இருந்தால் கோடு துண்டு துண்டாக விழும், துடைத்துக்கொள்ளுங்கள். கைபேசிக் கடைகளில் விற்கும் மலிவான தொடுபேனாவும் போதும். டீவியில் போட்டு ஸ்விட்ச்சின் கன்ட்ரோலரான ஜோய்-கொன்னை அசைத்து வரைவது வேடிக்கை, ஆனால் நேர்கோட்டுக்குக் கை நடுங்கும். பிசியில் மவுஸ் இரண்டாவது இடம். பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் கன்ட்ரோலரின் குச்சியில் வட்டம் கோழிமுட்டையாகத்தான் வரும். விளையாட்டு அதையும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது என்பது ஆறுதல்.

பிசி பதிப்பு 30 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும். தோட்டப் பக்கத்து டேட்டாவில் இதை இறக்குவது பல இரவு வேலை. பிசி கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதால் பயமில்லை. கண்டியிலோ கொழும்பிலோ ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் உங்கள் கணக்கில் இறக்கி, ஸ்டீமின் பேக்கப் வசதியால் வெளி ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவருவது இன்னும் சுலபம். பழைய லேப்டாப் தாங்குமா என்ற சந்தேகம் இருந்தால், வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் தொடக்கக் கதை நெடுநேரம் ஓடும், அந்த 2 மணி நேரத்தில் அதுவும் சேரும்.

குறைகள்: பிசியிலும் வேகம் நொடிக்கு 30 ஃப்ரேம்தான். தமிழ் கிடையாது, ஆங்கிலத்தில் வாசிக்க நிறைய இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்து சொல்ல வேண்டும். இஸ்ஸுன் சில புதிர்களுக்கு நீங்கள் யோசிக்கும் முன்பே விடையை உளறிவிடுவான்.

வழியை மறித்து நிற்கும் கல்மனிதர்கள்தான் பலரையும் எரிச்சலூட்டுவது. அவர்கள் உடம்பில் புள்ளிகள் ஒவ்வொன்றாக மின்னி மறையும். அதே வரிசையில், கொஞ்ச மையில், அதே இடங்களைக் குத்த வேண்டும். ஞாபகத்தை நம்பாதீர்கள். டீவியில் விளையாடுபவர்கள் ஸ்டிக்கர் பொட்டு ஒரு அட்டை வாங்கி வைத்துக்கொண்டு, புள்ளி மின்னும்போதே திரையில் ஒட்டிக்கொண்டு போகலாம். எல்.இ.டி திரை என்றால் அழுத்தாமல் ஒட்டி, மெதுவாக உரியுங்கள்.