முழங்கால் தேய்மானம்: ஸ்டீராய்டு ஊசியா, பிசியோதெரபியா?

மாடிப்படி இறங்கும்போது முழங்கால் வலியில் உயிர் போகிறது. ஊசி போட்டுக்கொள்வதா, பயிற்சி செய்வதா?

ஊசியின் பலம் அதன் வேகம். டிரையம்சினலோன் போன்ற ஸ்டீராய்டை மூட்டுக்குள் செலுத்தினால் அழற்சி அடங்கி, சில நாட்களிலேயே வலி இறங்கும். ஆனால் அந்தச் சுகம் பெரும்பாலும் சில வாரங்கள்தான். சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை எகிறும். டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடிக்கடி போடுவதிலும் சிக்கல் உண்டு. 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 140 பேருக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை, 2 ஆண்டுகள் ஊசி போட்டார்கள். உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. வலியிலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை!

பிசியோதெரபி மெதுவானது, கொஞ்சம் அலுப்பும்கூட. தொடைத் தசை வலுப்பெற வாரக்கணக்கில் காலை நீட்டி மடக்க வேண்டும். ஆனாலும் 2020இல் வெளியான ஆய்வு 156 பேரிடம் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது, ஓராண்டு முடிவில் பிசியோதெரபி பெற்றவர்களுக்கே வலியும் முடக்கமும் குறைவு.

அதற்காக, மூட்டு வீங்கிக் காலை ஊன்றவே முடியாதவரிடம் போய் 'பயிற்சி செய்' என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவருக்கு ஒரு ஊசி போட்டு, வலி இறங்கிய வாரங்களிலேயே பயிற்சியைத் தொடங்கிவிடலாம். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் மூட்டில் கிருமித் தொற்று இல்லை என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் ஊசியைத் தவிர்ப்பது நல்லது. தொற்று அபாயம் கூடும்.