வோர்ட்டுக்கு ஆக்சிஜன்: கேன் குலுக்கலில் இருந்து மாமனார் மெஷின் வரை

பெங்களூரு அல்சூரில் இரண்டாவது மாடி வாடகை வீடு, இரண்டு பேர் சேர்ந்து நின்றால் இடிக்கும் சமையலறை. 2020 ஊரடங்கில் அங்கே பீர் வடிக்கத் தொடங்கினேன். ஒரு தடவைக்கு 20 லிட்டர் என்று இதுவரை 40 தடவைக்கு மேல் ஆகிவிட்டது. மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்), ஹாப்ஸ் (கசப்புக்குப் போடும் பூ) எல்லாம் முதல் வருடத்திலேயே ஒரு வழிக்கு வந்துவிட்டன. ஆறிய வோர்ட்டுக்குள் (ஈஸ்ட் போட்டு பீராக மாறும் முன் இருக்கும் இனிப்பு மால்ட் நீர்) காற்றைக் கலக்கும் விதத்தைத்தான் ஐந்து வருடமாக மாற்றிக்கொண்டே இருந்தேன். (விற்பதற்கு இல்லை, வீட்டுக்கும் நண்பர்களுக்கும்தான். வீட்டில் வடிப்பதற்கும் கலால் விதிகள் உண்டு. இறங்கும் முன் உங்கள் மாநிலத்தில் என்ன விதி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

காற்று எதற்கு? மால்ட்டை ஊறவைத்து வடித்த இனிப்பு நீரை ஒரு மணி நேரம் கொதிக்க விடுகிறோம். அதில் கரைந்திருந்த ஆக்சிஜன் முழுக்க வெளியேறிவிடும். ஆனால் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட் பெருகும்போது செல் சவ்வுக்கு ஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் வேண்டும், நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் வேண்டும். இரண்டையும் தயாரிக்க ஆக்சிஜன் வேண்டும். கிடைக்காவிட்டால் பிறக்கிற செல்கள் சவலைப் பிள்ளைகளாகப் பிறந்து, பாதி சர்க்கரையிலேயே களைத்துப் படுத்துவிடும். சாதாரண ஏல் வகை பீருக்கு 8 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு) கரைந்த ஆக்சிஜன் போதும் என்பது பொதுக் கணக்கு.

முதல் வருடம் வெறும் குலுக்கல்தான். பெரிய வாட்டர் கேனில் வோர்ட்டை ஊற்றி, மூடி, மடியில் சாய்த்து ஐந்து நிமிடம் ஆட்டுவேன். கேன் தண்ணீரை மூன்று மாடிக்குத் தோளில் தூக்கி வரும் பையன்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான். ஒருநாள் ஈரக்கை வழுக்கி, மூடி கழன்று, மூன்று லிட்டர் தரையில். இரண்டு நாள் எறும்பு ஊர்வலம்.

அப்புறம் டீ மாஸ்டர் வழிக்கு மாறினேன். கொதித்த பாத்திரத்திலிருந்து கேனுக்கு இரண்டடி உயரத்திலிருந்து, நடுவில் ஒரு சல்லடை வைத்து ஊற்றுவது. டீ ஆற்றுகிற அதே வேலை, நுரை பொங்கும் அழகும் அதேதான். ஒரே வித்தியாசம், டீயைச் சூடாக ஆற்றலாம், வோர்ட்டைச் சூடாக ஆற்றக்கூடாது. சூட்டில் ஆக்சிஜன் சரியாகக் கரையாது, கரைவதும் வோர்ட்டில் உள்ள பொருட்களோடு சேர்ந்து கெடுதலைச் செய்யும் என்று பயம். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதில் வடிப்பவர்களுக்குள் சண்டை உண்டு. நான் 25 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை தொடுவதில்லை.

இங்கே பெங்களூருக்கு என்று ஒரு விஷயம். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கிட்டத்தட்ட 10 சதவீதம் குறைவு. கரையும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். 20 டிகிரியில் சென்னைத் தண்ணீர் 9 பிபிஎம் பிடிக்கும் என்றால் இங்கே 8தான். சர்க்கரை கலந்த வோர்ட்டில் இன்னும் கொஞ்சம் கம்மி. ஆக, வெறும் காற்றை வைத்து நான் எவ்வளவு குலுக்கினாலும் 8-ஐத் தாண்ட முடியாது.

இத்தனைக்கும் முதல் வருடம் முழுக்க பீர் நன்றாகவே வந்தது. நான் போட்டது பாக்கெட்டில் வரும் உலர் ஈஸ்ட். அதைத் தொழிற்சாலையிலேயே ஏராளமாகக் காற்று கொடுத்து வளர்த்து, ஸ்டெராலைச் சேமித்து வைத்துத்தான் காயவைக்கிறார்கள். முதல் தடவைக்குத் தனியாகக் காற்றே தேவையில்லை என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். என் முதுகு வலி மொத்தமும் வீண் என்று தெரிய ஒரு வருடம் ஆனது.

உண்மையான சோதனை, காசை மிச்சம் பிடிக்க அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலை எடுத்து மறுபடி போட ஆரம்பித்தபோது வந்தது. இரண்டாம் தடவை சுமார். மூன்றாம் தடவை, 1.062 அடர்த்தியில் (தண்ணீர் 1.000; சர்க்கரை கரையக் கரைய ஏறும், ஈஸ்ட் தின்னத் தின்ன இறங்கும்) தொடங்கிய ஒரு கருப்பு பீர் 1.026-இல் நின்றுவிட்டது. ஏர்லாக் (நொதிக்கும்போது வரும் வாயுவை வெளியே விடும் மூடி) அசையவே இல்லை. பானகம் மாதிரி ஒரு தித்திப்பு. சேமிப்பு கரைந்துபோன ஈஸ்ட்டை நான் பட்டினியாக உள்ளே தள்ளியிருக்கிறேன்.

மீன் தொட்டி பம்ப் வந்தது அதற்குப் பிறகு. சின்ன பம்ப், சிலிக்கான் குழாய், முனையில் காற்றைப் பொடிக் குமிழாக்கும் துருப்பிடிக்காத எஃகுக் கல், நடுவில் 0.2 மைக்ரான் ஃபில்டர். கல்லின் துளை 2 மைக்ரானாக இருக்கட்டும், 0.5 மைக்ரான் கல் வழியாகக் காற்றைத் தள்ள இந்தப் பம்புக்குத் திராணி கிடையாது. முதல் தடவை ஃபில்டர் எதற்கு என்று அதைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். பம்ப் உட்கார்ந்திருந்தது இட்லி மாவு பொங்கிக்கொண்டிருந்த பாத்திரத்துக்குப் பக்கத்தில். அந்த பீர் புளித்தது. மாவுதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது, ஆனால் வீட்டில், “ஏங்க, மாவு பக்கத்துல வச்சா புளிக்காம வேற என்ன பண்ணும்?” என்று கேட்டபோது பதில் இல்லை. இன்னொரு குறை நுரை. பத்து நிமிடத்தில் கேன் வாய்வரை ஏறிவிடும், நிறுத்தி நிறுத்தி அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். ஒரு வருடம் பொறுத்தேன்.

நடுவில், எஸ்.பி. ரோட்டில் வாங்கிய டிரில்லில் பெயின்ட் கலக்கும் எஃகுக் கம்பியைப் பொருத்தி, மோர் கடைகிற மாதிரி கடைந்தும் பார்த்தேன். இரண்டே நிமிடம், நல்ல சுழி, காற்றை அப்படியே உள்ளே இழுக்கும். இதுவரை காசுக்கு மேல் உழைத்த ஒரே பொருள் அந்த மத்துதான். கம்பியைக் கிருமிநாசினியில் ஊறவைக்க மறக்கக்கூடாது, அவ்வளவுதான்.

நிறைவுறாக் கொழுப்பு அமிலம்தானே வேண்டும், ஆலிவ் எண்ணெய் விடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் நியூ பெல்ஜியம் ஆலையில் காற்றுக்குப் பதிலாக, சேமித்து வைத்த ஈஸ்ட்டில் அதைச் சேர்த்துப் பார்த்தார்கள். 20 லிட்டருக்குத் தேவையான அளவு ஒரு சொட்டில் ஒரு துணுக்கு. என் சமையலறைக் கரண்டியால் அளக்க முடியாத எதையும் நான் செய்வதில்லை.

சரி, மெஷினுக்கு வருவோம். 2021 ஏப்ரல், மே மாதங்களில் இந்த ஊரில் ஆக்சிஜன் என்ற வார்த்தைக்கு வேறு அர்த்தம் இருந்தது. அந்த நாட்களில் நான் எதுவும் வடிக்கவில்லை. மாமனாருக்காக வீட்டில் நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் மெஷின் ஒன்று வாங்கினோம். மூன்று வாரத்தில் தேறினார். மெஷின் இரண்டு வருடம் துணி போர்த்திக் கிடந்தது. 2023-இல் அவரிடமே கேட்டேன். “மாப்பிள்ளை, நான் மூச்சு விட்ட மெஷின்லயா பீர் போடப் போறீங்க?” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “முதல் பாட்டில் எனக்கு” என்றார்.

அந்த மெஷின் காற்றிலிருந்து நைட்ரஜனை ஜியோலைட் என்ற கனிமத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, 93 சதவீதம் அளவுக்கு ஆக்சிஜனைத் தரும். ஆன் செய்து ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டால்தான் அந்த அளவு வரும். பிறகு மீட்டரை நிமிடத்துக்கு 1 லிட்டரில் வைத்து, ஃபில்டர், 2 மைக்ரான் கல், 60 முதல் 90 விநாடி. தீர்ந்தது. உயரத்தின் தடையும் இதற்குப் பொருட்டில்லை, 8-ஐ எளிதாகத் தாண்டும். ஆசைப்பட்டு ஒருமுறை ஐந்து நிமிடம் விட்டேன். ஈஸ்ட் தறிகெட்டுப் பெருகி, கோதுமை பீரில் வரவேண்டிய வாழைப்பழ வாசனையே காணோம்.

முக்கியமானது: அடுப்பு அணைந்திருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஆக்சிஜன் பக்கத்தில் தீ விளையாட்டல்ல. நான் கேனை ஹாலுக்குக் கொண்டுபோய்விடுகிறேன். கல்லைக் கையால் தொடாதீர்கள், விரல் எண்ணெய் துளைகளை அடைத்துவிடும்; முன்னும் பின்னும் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். நொதித்தல் ஏறிய பிறகு காற்று வேண்டாம், பழைய அட்டைப்பெட்டி வாசனைதான் மிஞ்சும்.

இப்போது என் வழக்கம் இது: புது உலர் ஈஸ்ட் என்றால் உயரத்திலிருந்து ஊற்றுவதோடு சரி. இரண்டாம் தடவை வண்டல் என்றால் மத்து. மூன்றாம் தடவை வண்டலோ 1.065-க்கு மேற்பட்ட பீரோ என்றால் மட்டும் மெஷின். அதே கருப்பு பீரைப் போன டிசம்பரில் மூன்றாம் தடவை வண்டலிலேயே, மெஷின் வைத்து மறுபடி போட்டேன். எட்டு மணி நேரத்தில் ஏர்லாக் ஆடியது, 1.015-இல் வந்து நின்றது. பம்பை மேல்வீட்டுப் பையனின் மீன் தொட்டிக்குக் கொடுத்துவிட்டேன். முதல் பாட்டில் வழக்கம்போல மாமனாருக்குப் போனது. கசப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.