777-300இஆர் டாக்சி கேமரா: சக்கரத்துக்குக் காவல், இறக்கைக்கு?

போயிங் 777-300இஆரின் நீளம் 73.9 மீட்டர். மூக்குச் சக்கரத்துக்கும் பிரதான சக்கரங்களுக்கும் நடுவே 31 மீட்டர். மூக்குச் சக்கரமே விமானியின் இருக்கைக்குப் பின்னால்தான் இருக்கிறது. விமானம் தரையில் ஊர்ந்து போவதை டாக்சி என்பார்கள், அதற்கான பாதை டாக்சிவே. அதன் மஞ்சள் நடுக்கோட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டே திருப்பினால், பின்சக்கரம் உள்பக்கமாக அறுத்துக்கொண்டு போய்ப் புல்லில் இறங்கிவிடும். கொண்டை ஊசி வளைவில் லாரிக்காரர் எதிர் ஓரம் வரை போய் ஒடிப்பதுபோல, இங்கேயும் மூக்கைக் கோட்டுக்கு அப்பால் நன்றாகக் கொண்டுபோன பிறகே திருப்ப வேண்டும். எவ்வளவு அப்பால் என்பதைக் காட்டத்தான் இந்த மாடலில் போயிங் கேமரா வைத்தது.

மொத்தம் 3 கேமரா. வாலின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய இறக்கைகளின் முன்விளிம்பில் ஒவ்வொன்று, வயிற்றுப் பகுதியில் ஒன்று. திரை மூன்றாகப் பிரியும். மேலே இடது, வலது பிரதான சக்கரங்கள், கீழே மூக்குச் சக்கரம். திருப்பத்தில் என்ன தெரியும் என்றால், முதலில் கீழ்ப் படத்தில் இரட்டை டயர் மஞ்சள் கோட்டைத் தாண்டி வெளியே நகரும். தாண்டட்டும், பதற வேண்டாம். பிறகு திரும்பும் பக்கத்து மேல் படத்தில் ஆறு சக்கரத் தொகுதிக்கும் தளத்தின் விளிம்புக்கும் உள்ள இடைவெளி மெதுவாகக் குறையும். அது மேலும் குறையாமல் நின்றால் திருப்பம் சரி. தொடர்ந்து குறைந்தால் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். இந்த வேலைக்கு இதைவிட நல்ல கருவி காக்பிட்டில் இல்லை.

குறையும் உண்டு. வயிற்றுக் கேமரா தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் ஈரத் தளத்தில் மூக்குச் சக்கரம் வாரியடிக்கும் நீர் கண்ணாடியில் படியும். இரவில், விளக்குக் குறைந்த ஏப்ரனில் (விமானங்கள் நிற்கும் தளம்) விளிம்பு மங்கும். அகலக் கோண லென்ஸ் என்பதால் ஓரத்தில் இருப்பது உண்மையைவிடத் தள்ளி இருப்பதாகத் தோன்றும். எல்லாவற்றுக்கும் மேல், இருவரும் ஒரே நேரத்தில் திரையைப் பார்க்கக் கூடாது. ஒருவர் பார்வை எப்போதும் வெளியே இருக்க வேண்டும்.

இனி விமர்சனத்தின் முக்கியப் பகுதி. ‘கேமரா இருக்கிறதே, பிறகு எப்படி இடித்தார்கள்?’ என்று ஒவ்வொரு இறக்கை மோதலுக்குப் பிறகும் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும். இந்த ரக விமானங்களுக்கான டாக்சிவேயின் அகலம் 23 மீட்டர். சக்கரங்களின் வெளி அகலம் 12.9 மீட்டர். நேராகப் போகும்போது பக்கத்துக்கு 5 மீட்டர் மிச்சம். கேமரா காட்டுவது இந்த 5 மீட்டரைத்தான். இறக்கையின் முழு அகலமோ 64.8 மீட்டர். அதாவது தளத்தின் விளிம்பைத் தாண்டிப் பக்கத்துக்கு சுமார் 21 மீட்டர் இறக்கை புல்லுக்கு மேலே நீட்டிக்கொண்டு போகிறது. அந்த நுனியை மூன்று கேமராவில் எதுவும் காட்டாது.

ஏர்பஸ் ஏ380-இல் செங்குத்து வாலின் உச்சியில் ஒன்று, வயிற்றில் ஒன்று. மேலிருந்து பார்க்கும் படம் அழகாக இருக்கும், ஆனால் அதுவும் சக்கரத்தைத் தளத்தில் வைத்திருக்க உதவும் ஏற்பாடுதான். 2011 ஏப்ரல் 11 இரவு நியூயார்க் ஜே.எப்.கே.யில் ஏர் பிரான்ஸ் ஏ380-இன் இடது இறக்கை, கொமேர் நிறுவனத்தின் சிறிய சிஆர்ஜே-700-இன் வாலில் பட்டு அதை அப்படியே சுழற்றிவிட்டது. 2012 செப்டம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பெரிய விமானங்களுக்கு இறக்கை நுனிக் கேமரா போன்ற மோதல் தடுப்புக் கருவி வேண்டும் என்று பரிந்துரைத்தது. காக்பிட் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினால் ஒழிய நுனி தெரியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். டாக்சி செய்யும்போது யார் தலையை நீட்டுவார்கள்? 2024 செப்டம்பர் 10-இல் அட்லாண்டாவில் டெல்டாவின் ஏ350, நின்றுகொண்டிருந்த சிஆர்ஜே-900-இன் வாலையே பெயர்த்தெடுத்தது.

திருப்பத்தில் இன்னொரு சிக்கல். பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையின் நுனி, பிரதான சக்கர அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. விமானம் அந்த அச்சுக் கோட்டில் உள்ள ஒரு புள்ளியைச் சுற்றித்தான் திரும்பும். அதனால் வலப்பக்கம் திரும்பினால் இடது நுனி முதலில் இன்னும் இடப்பக்கமாக வீசும். தடையை விட்டு விலகுகிறோம் என்று நினைத்துத் திருப்புவதே இடிப்பதற்குக் காரணமாகலாம்.

டாக்சிவே நடுக்கோட்டிலிருந்து 43.5 மீட்டருக்குள் எந்தத் தடையும் இருக்கக் கூடாது என்பது இந்த ரகத்துக்கான சர்வதேச அளவு. கோட்டின் மேலேயே போனால் நுனிக்கு அப்பால் 11 மீட்டர் கிடைக்கும். முன்னால் போன விமானம் நிறுத்தக் கோடு வரை முழுதாக நகராமல் வாலை நீட்டிக்கொண்டு நின்றால் இந்த 11 மீட்டர் காகிதத்தில்தான் இருக்கும். டவர் (கட்டுப்பாட்டுக் கோபுரம்) கொடுக்கும் டாக்சி அனுமதி, இறக்கைக்கு இடம் இருக்கிறது என்ற உத்தரவாதம் அல்ல. சந்தேகம் வந்தால் பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிட்டு, இரு நுனியையும் தரையிலிருந்து பார்த்துச் சொல்ல ஆள் கேட்பதுதான் வழி. தாமதக் கணக்கில் சில நிமிடம் ஏறும், அவ்வளவே.

தவறான டாக்சிவேயில் நுழைவதையும் கேமரா தடுக்காது. 2013 டிசம்பர் 22-இல் ஜோகன்னஸ்பர்கில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ‘பிராவோ’ டாக்சிவேயில் திரும்பாமல் நேரே குறுகலான ‘மைக்’கில் போய், இறக்கையால் ஓர் அலுவலகக் கட்டடத்தை இடித்தது. இப்படிப் பாதை தவறாமல் இருக்க உதவுவது, விமானம் நகர நகரத் திரையில் நகரும் விமான நிலைய வரைபடம். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் என் ஓட்டு வரைபடத்துக்கு. ஆனால் அதிலும் பக்கத்து விமானத்தின் வால் எங்கே முடிகிறது என்று தெரியாது.

சிறிய விமானம் என்றால் தப்பிக்கலாம் என்றும் இல்லை. 2024 மார்ச் 27-இல் கொல்கத்தாவில், சென்னைக்குக் கிளம்பக் காத்திருந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தை இண்டிகோ ஏ320 உரசியது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் இறக்கை நுனி ஒடிந்தது.

நுனியை மடிக்கும் 777எக்ஸ் வந்தால் தீர்ந்துவிடும் என்று நம்புபவர்களுக்கு: விரித்தால் 71.75 மீட்டர், மடித்தால் 64.85. இப்போதுள்ள இஆரைவிட 5 சென்டிமீட்டர் கூடுதல்.