பையைத் திறக்க விடாதவரிடம் பழைய காமிக்ஸ் வாங்காதீர்கள்

போன மாதம் நியூஜெர்சியில் ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்த இரண்டு நாள் காமிக்ஸ் ஷோவில் 700 டாலரைப் பறிகொடுத்துவிட்டு வந்தேன். காசு போனது ஒரு பக்கம். பதினைந்து வருடமாகப் பழைய பேய்க் காமிக்ஸ் சேர்க்கிறவன், மேசைக்கு முன்னால் நின்றதும் தெரிந்ததையெல்லாம் மறந்துவிட்டேனே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. இங்கே புதிதாகச் சேர்க்க ஆரம்பித்திருக்கும் தம்பிகள் பலர் எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ரொம்ப நாளாகத் தேடியது மார்வெலின் 'டூம் ஆஃப் டிராகுலா' (Tomb of Dracula) 10ஆம் இதழ். 1973 ஜூலை தேதியிட்டது. ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் பிளேடு என்ற பாத்திரம் முதன்முதலாக வருவது இதில்தான். 1954இல் வந்த காமிக்ஸ் கோட், அதாவது பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட தணிக்கை விதி, ரத்தக்காட்டேரியையும் ஓநாய் மனிதனையும் காமிக்ஸ் பக்கமே வரக்கூடாது என்று தடுத்து வைத்திருந்தது. 1971இல் அதைத் தளர்த்தினார்கள். அடுத்த வருடமே மார்வெல் டிராகுலாவை இறக்கிவிட்டது. 1979 வரை வந்த 70 இதழும் ஜீன் கோலன் வரைந்தவை. கோடு போட்டு முடித்துவிடாமல், பனியும் அங்கியும் இருட்டும் ஒன்றோடொன்று கரைகிற மாதிரி வரைவார். அந்தப் பக்கங்களைப் பழைய நியூஸ்பிரிண்ட் தாளில் பார்ப்பது தனி அனுபவம், மறுபதிப்பின் வழவழப்பான தாளில் அது கிடைக்காது. அன்றைக்கு விலை 20 சென்ட். 1998இல் பிளேடு படம் வந்த பிறகு இந்த ஓர் இதழின் விலை மட்டும் எங்கோ ஏறிப் போய்விட்டது.

சனிக்கிழமை மத்தியானம், ஹாலின் கடைசி வரிசையில் ஒரு மேசை. பின்னால் சுவரில் அந்த இதழை மாட்டியிருந்தார்கள். மைலார் என்ற பிளாஸ்டிக் பை, இதழ் வளையாமலிருக்க உள்ளே ஒரு போர்டு, நாலு பக்கமும் டேப். அட்டை பளிச்சென்று இருந்தது. விற்பவர் அறுபது வயதுக்காரர், நன்றாகப் பேசினார். கோலனைப் பற்றி, கதை எழுதிய மார்வ் வுல்ஃப்மேன் பற்றி எல்லாம் பேசினோம். அப்படிப் பேசத் தெரிந்த ஆள் ஏமாற்ற மாட்டார் என்று என் மனசு தானாகவே முடிவுகட்டிவிட்டது. உள்ளே பார்க்கலாமா என்று கேட்டேன். டேப் இழுத்தால் அட்டை கிழிந்துவிடும், சிஜிசிக்கு, அதாவது காமிக்ஸின் தரம் பார்த்து லேபிள் போட்டுப் பெட்டியில் அடைத்துத் தரும் நிறுவனத்துக்கு, அனுப்பவென்று ஒட்டி வைத்தது என்றார். 750 சொன்னவர், ரொக்கம் என்றால் 700 என்றார்.

கூட வந்த தம்பி என் காதோரம், "அண்ணா, திறந்து பாத்துட்டே வாங்கலாமே" என்றான். பின்னால் இன்னொருவர் அதே புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தம்பியின் கையைத் தட்டி "சும்மா இருடா" என்று சொல்லிவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை.

ராத்திரி சாப்பாட்டு மேசையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, டேப்பை மெதுவாக எடுத்தேன். எந்தச் சேதமும் இல்லாமல் வந்துவிட்டது. அட்டையைத் திருப்பினேன். முதுகு மடிப்பின் உட்புறத்தில், வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில், கருநீலமாகப் பொட்டுப் பொட்டாகக் கசிந்திருந்தது. வெளியே நிறம் உதிர்ந்த கோடுகளை மார்க்கர் பேனாவால் நிரப்பியிருக்கிறார்கள். அப்புறம் ஸ்டேப்பிள். பின் புதுசு மாதிரி மின்னுகிறது, ஆனால் உள்தாளில் அதைச் சுற்றிப் பழைய துரு வட்டம். அட்டையில் பின் ஏறிய ஓட்டைக்கு ஒரு நூல் மேலே இன்னொரு ஓட்டை. ஒரு பிரதியின் அட்டையை இன்னொரு பிரதியின் உடம்பில் மாட்டியிருக்கிறார்கள். இதற்கு இங்கே 'மேரீட்' என்று பெயர்.

படித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், நடுவில் கதை தாவுகிறது. எண்ணினேன். அக்காலத்து மார்வெல் இதழில் அட்டை போக 32 பக்கம், அதாவது எட்டுத் தாளை நடுவில் மடித்தால் வரும் பதினாறு ஏடுகள். இதில் பதினாலுதான். நடுத்தாளே இல்லை. நாலு பக்கம் போயே போச்சு.

ஞாயிறு காலை கதவு திறக்கும்போதே போய் நின்றேன். அந்த மேசை காலி. விரிப்பைக்கூட எடுத்துவிட்டார்கள். அமைப்பாளரிடம் கேட்டால், நாங்கள் மேசையை வாடகைக்கு விடுகிறோம், விற்பனைக்குப் பொறுப்பில்லை என்று கையை விரித்தார். விற்றவர் பெயரையாவது கொடுங்கள் என்றதற்கு, விற்பவர்கள் விவரம் தர முடியாது என்றார். விற்றவர் தந்திருந்த கார்டில் இருந்த போன் நம்பர் ஒலிக்கவே இல்லை. பிறகு எனக்குப் பழக்கமான கடைக்காரரிடம் காட்டினேன். புரட்டி முடித்துவிட்டு, நூறு டாலர்கூடத் தேறாது என்றார்.

போர்டு வைத்துக் கட்டியதைப் பிரிக்க நியாயமான வியாபாரி யாரும் தயங்க மாட்டார். தானே டேப்பை எடுத்து, தானே புரட்டிக் காட்டுவார். அப்படிப்பட்டவர்களிடமிருந்துதான் என் பெட்டியில் இருக்கும் மற்ற எல்லாமே வந்தன. மறுத்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள், எவ்வளவு அபூர்வமான இதழாக இருந்தாலும் சரி. கைபேசி டார்ச்சை அட்டையின் உட்புறத்தில் சாய்வாக அடித்தால் மார்க்கர் கசிவு பெரும்பாலும் தெரிந்துவிடும். பக்கத்தை எண்ண ஒரு நிமிஷம்கூட ஆகாது. 1974, 75 இதழ் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: வாசகர் கடிதப் பக்கங்களில் மார்வெல் வேல்யூ ஸ்டாம்ப் என்று ஒட்டி வைக்கும் முத்திரை அச்சிட்டிருந்தார்கள். அன்றைய பிள்ளைகள் கத்தரித்து எடுத்துவிட்டார்கள். அந்தச் சின்னச் சதுரம் இல்லையென்றால் விலை பாதிக்கும் கீழே போகும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

சிஜிசி பெட்டியில் அடைத்தது என்றால் லேபிளின் நிறத்தைப் பாருங்கள். ஊதா என்றால் திருத்திய பிரதி, பச்சை என்றால் ஏதோ ஒரு குறை இருக்கிறது. லேபிளில் உள்ள எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் விஷயத்தில், பெரிய தொகைக்கு ரொக்கமே வேண்டாம். பேபாலில் 'ஃபிரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி' வழியாகக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அதில் வாங்குபவருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. 'கூட்ஸ் அண்ட் சர்வீசஸ்' என்றால்தான் முறையிட வழியுண்டு. எனக்கு 50 டாலர் குறைத்ததே அந்த வழியை அடைக்கத்தான் என்று இப்போது புரிகிறது. இதழின் பெயர், எண், சொன்ன தரம், விற்பவர் பெயர் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மேசையையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பி ஒரு தடவைகூட "நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அடுத்த ஷோவுக்கும் சேர்ந்துதான் போகிறோம், அவன் 'வேர்வுல்ஃப் பை நைட்' என்ற ஓநாய் மனிதன் தொடரைத் தேடுகிறான்.

புத்தகத்தை நான் வைத்துக்கொண்டேன். பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் போகலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார், மனசு வரவில்லை. புது போர்டு மாற்றி, அதன் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: அட்டை வேறு பிரதியுடையது, முதுகில் மார்க்கர், நடுத்தாள் இல்லை. எனக்குப் பிறகு இந்தப் பெட்டியைப் பிரிப்பவர் முதலில் அதைத்தான் படிப்பார்.