அப்பாவின் பாதப் புண்ணுக்கு ‘ஸ்டெம் செல்’ என்று போட்ட ஊசி

சர்க்கரை நோயால் உள்ளங்காலில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறாமல் இருக்க, ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) சிகிச்சைக்குப் பணம் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் அப்பாவுக்குப் பெருவிரலின் கீழே இருந்த புண் ஐந்து மாதமாக ஆறவில்லை. மூன்றே ஊசிகளில் புதுச் சதை வளர்ந்துவிடும் என்று உறுதி கூறிய ஒரு தனியார் மையம், மூன்றுக்கும் சேர்த்து முன்பணம் வாங்கிக்கொண்டது.

முதல் நாள் அப்பாவின் கையிலிருந்து இரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, மேலே தெளிந்து நின்ற மஞ்சள் நீரைப் புண்ணின் ஓரங்களில் செலுத்தினார்கள். அது இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா (இரத்தத்தின் நீர்ப்பகுதி), ஸ்டெம் செல் அல்ல என்பது பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. இரண்டாம் முறை தொப்புள்கொடி செல் என்று சொல்லி, ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார்கள். அதில் தொகுதி எண்ணும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. அமெரிக்காவில் 2018-இல் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து தயாரித்த ஊசி மருந்துகளால் 12 பேருக்கு பாக்டீரியாத் தொற்று ஏற்பட்டதை அன்று நான் அறிந்திருந்தால், அந்த ஊசியைப் போட விட்டிருக்க மாட்டேன்.

ஸ்டெம் செல் ஆராய்ச்சியை நான் குறை சொல்லவில்லை. எலும்பு மஜ்ஜையிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் எடுக்கும் செல்கள், தாமே தோலாக மாறுவதைவிட, தாம் சுரக்கும் பொருள்களால் அழற்சியைத் தணித்துப் புதிய இரத்த நாளங்கள் உருவாகத் துணை செய்கின்றன என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் பாதப் புண்ணைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் இன்னும் சோதனைக் கட்டத்தில்தான் இருக்கிறது. முறையான சோதனை என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும், எழுத்துப்பூர்வமான ஒப்புதல் படிவம் தருவார்கள். எங்களிடம் யாரும் எதிலும் கையெழுத்துக்கூடக் கேட்கவில்லை.

என்னால் இன்றும் பொறுக்க முடியாதது வேறொன்று. காலுக்கு இரத்தம் போகிறதா என்று அவர்கள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. புண்ணைச் சுற்றித் தடித்து வெளுத்திருந்த காய்ப்பைச் சீவி எடுக்கவில்லை. பாதத்தில் பாரம் விழாமல் காக்க எதுவும் சொல்லாமல், அதே பழைய செருப்போடு நடக்க விட்டார்கள். இரண்டாம் விரல் கறுக்கத் தொடங்கியதும் பயந்துபோய் வேறொரு மருத்துவரிடம் ஓடினோம். அவர் கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிட்டார். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம் 0.9-க்குக் கீழே போனாலே தமனி அடைப்பு என்று கொள்வார்கள், அப்பாவுக்கு 0.5. பத்து நிமிடத்தில் முடிந்த சோதனை அது. பலூன் வைத்து அடைப்பை நீக்கினார்கள், ஆனால் அந்த விரலைக் காப்பாற்ற முடியவில்லை.

இரண்டு முறையும் என்ன செலுத்தினீர்கள் என்று அந்த மையத்திடம் எழுதிக் கேட்டிருக்கிறேன். இதுவரை எங்கள் கையில் இருப்பது, ‘செல் சிகிச்சை, மூன்று முறை’ என்று மட்டும் எழுதிய ரசீது.