போன பல்லின் இடத்தில் எதை வைப்பது: இம்பிளான்ட்டா, பிரிட்ஜா, கட்டுப்பல்லா?

திருகோணமலையில் பல் பிடுங்குவதற்கு யாரும் அலைய வேண்டியதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு வாங்காமலே பிடுங்கிவிடுவார்கள், டவுனில் தனியார் கிளினிக்குகளும் இருக்கின்றன. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்த இடத்தில் எதை வைப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கனடாவில் இருக்கிற தம்பி, "இம்பிளான்ட் போடுங்கோ அக்கா, காசை நான் அனுப்புறன்" என்பான். பக்கத்து வீட்டு மாமி, "ஏன் பிள்ளை வீண் செலவு, நான் கட்டுப்பல்லோட நல்லாத்தானே இருக்கிறன்" என்பார். இரண்டு பேரும் தங்கள் வாய்க்குச் சரியானதைத்தான் சொல்கிறார்கள். உங்கள் வாய்க்கு எது சரி என்பதை நான் இரண்டு கேள்விகளை வைத்துத்தான் பார்ப்பேன். இடைவெளிக்கு இரு பக்கமும் நிற்கிற பற்கள் எந்த நிலையில் இருக்கின்றன? வைத்த பல்லைப் பிறகு வருடக்கணக்கில் பராமரிக்க உங்களால் எங்கே போய்வர முடியும்? விலை எனக்கு மூன்றாவது கேள்விதான்.

முதலில் இம்பிளான்ட். அது முழுப் பல் என்று பலர் நினைக்கிறார்கள். செயற்கை வேர் மட்டும்தான் அது. தாடை எலும்பில் துளை போட்டு ஒரு சின்ன டைட்டேனியம் திருகை இறக்குவார்கள். எலும்பு அதைச் சுற்றி வளர்ந்து இறுகப் பிடித்துக்கொள்ளும். அதற்குக் கீழ்த்தாடையில் சாதாரணமாக மூன்று மாதம், எலும்பு மென்மையாக உள்ள மேல்தாடையில் நாலு முதல் ஆறு மாதம் விடுவார்கள். அதன் பிறகுதான் திருகின் மேல் ஓர் இணைப்புத் துண்டும் அதற்கு மேல் பல் வடிவிலான கிரவுனும் வரும். எலும்பு டைட்டேனியத்தை இப்படித் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் என்பதை 1950களில் கண்டவர் சுவீடன் நாட்டு மருத்துவர் பேர்-இங்வார் பிரோனமார்க். முயலின் எலும்புக்குள் ஆராய்ச்சிக்காக வைத்த டைட்டேனியக் கருவியைத் திரும்ப எடுக்கப் பார்த்தபோது அது எலும்போடு ஒன்றிப் போயிருந்தது. 1965இல் யோஸ்தா லார்சன் என்பவருக்கு அவர் முதன்முதலாகத் தாடையில் வைத்த திருகுகள், லார்சன் 2006இல் இறக்கும் வரை வேலை செய்தன. ஆக, இது புதிதாக வந்து இன்னும் நிரூபிக்கப்படாத வைத்தியம் என்ற பயம் தேவையில்லை. சரியான ஆளுக்கு, பழகிய கையால் போட்டால் பத்து வருடம் கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிலைத்து நிற்கின்றன.

அந்தச் 'சரியான ஆள்' யார் என்பதில்தான் நம் ஊரில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் புண் ஆறுவது பிந்தும், கிருமி தொற்றும் வாய்ப்பும் கூடும். சிகரெட், பீடி பிடிப்பவர்களுக்கு இம்பிளான்ட் தோற்றுப்போகும் வாய்ப்பு அதிகம். முரசு வீங்கி, இரத்தம் கசிந்து, பல் ஆடித்தான் விழுந்தது என்றால், அதே முரசு நோய் திருகைச் சுற்றியும் வந்து எலும்பைத் தின்னும். நோயை அடக்காமல் திருகைப் போடுவது காசைக் கொட்டுகிற வேலை. எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் போன்ற மாத்திரை எடுக்கிற அம்மாமார் அதைக் கட்டாயம் பல் டொக்டரிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களுக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகிற ஆபத்து உண்டு. வாய்ப் புற்றுநோய் எங்கள் நாட்டு ஆண்களிடையே அதிகம் காணப்படுகிற ஒன்று. வெற்றிலை, பாக்கு, புகையிலையால் வந்து, தாடைக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்கள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பல் பிடுங்குவதே யோசித்துச் செய்ய வேண்டிய காரியம், திருகு இன்னும் பெரிய விஷயம்.

சரி, இப்போது பிரிட்ஜ். ஒரு பல் போனால் அதன் இரு பக்கத்துப் பற்களையும் சுற்றிலும் அராவிச் சிறிதாக்கி, மூன்று கிரவுன்களை ஒன்றாக ஒட்டிய துண்டை மேலே பசை வைத்துப் பொருத்துவார்கள். நடுவில் உள்ளது போன பல்லுக்குப் பதில். அறுவை இல்லை, மாதக்கணக்கில் காத்திருப்பும் இல்லை. இரண்டு மூன்று தடவை போனால் சில வாரங்களில் வேலை முடியும். பத்து வருடக் கணக்கில் பார்த்தால் நல்ல பிரிட்ஜ் இம்பிளான்ட்டை விடச் சற்றே பின்னால் நிற்கிறது, அவ்வளவுதான். அப்படியானால் ஏன் தயங்க வேண்டும்? அந்த இரண்டு பக்கத்துப் பற்களுக்காகத்தான். ஒரு துளி சொத்தையும் இல்லாத பல்லை அராவினால் எடுத்த எனாமல் திரும்பி வராது. அராவிய பல் சில வேளை உள்ளே நரம்பு செத்து வேர்ச் சிகிச்சை வரைக்கும் போகும். கிரவுனின் விளிம்புக்குக் கீழே சொத்தை பிடித்தால் வெளியே தெரியாது. ஒரு பக்கம் கெட்டாலும் மூன்று பல் துண்டும் கழற்றப்பட வேண்டியதுதான். ஒரு பல்லுக்குத் தொடங்கிய கதை மூன்று பல்லில் போய் முடிகிறது.

அதனால் என் கணக்கு இப்படி. பக்கத்துப் பற்கள் இரண்டும் சுத்தமாக, ஆரோக்கியமாக இருந்தால் அவற்றைத் தொடாதீர்கள். இம்பிளான்ட்டுக்குக் காசும் உடம்பும் இடம் கொடுத்தால் அதைப் போடலாம், இல்லாவிட்டால் கழற்றி மாட்டுகிற கட்டுப்பல்லோடு கொஞ்சக் காலம் சமாளிக்கலாம். பக்கத்துப் பற்களில் ஏற்கனவே பெரிய நிரப்பல் இருக்கிறது, வேர்ச் சிகிச்சை செய்திருக்கிறது, எப்படியும் கிரவுன் போடத்தான் வேண்டும் என்றால் பிரிட்ஜே புத்திசாலித்தனம். வெளிநாட்டுக் காசு வருகிறது என்பதற்காக அங்கேயும் இம்பிளான்ட்தான் என்று நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை.

முன்பல் விஷயம் தனி. மோட்டார் சைக்கிளில் விழுந்தோ கிரிக்கெட் பந்து பட்டோ பதினாறு பதினேழு வயதுப் பிள்ளையின் முன்பல் போய்விட்டது என்று வைப்போம். பெற்றோர் பதறிப்போய் உடனே இம்பிளான்ட் கேட்பார்கள். வேண்டாம். தாடை இன்னும் வளர்கிற வயதில் மற்றப் பற்கள் எலும்போடு சேர்ந்து இறங்கும், திருகு போட்ட இடத்திலேயே நிற்கும். சில வருடத்தில் அந்தப் பல் மட்டும் கட்டையாகத் தெரியும். இந்தப் பிள்ளைகளுக்கு மேரிலேண்ட் பிரிட்ஜ் என்று ஒன்று உண்டு. பக்கத்துப் பல்லின் பின்புறத்தில் மெல்லிய சிறகு ஒன்றை ஒட்டி, அதிலே புதுப் பல்லைத் தாங்க வைப்பது. பல்லை அராவுவது மிகக் குறைவு, சில வேளை இல்லவே இல்லை. இதைப் பற்றி நம்மிடையே பேச்சே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். எப்போதாவது ஒட்டு விடும், திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். பிள்ளை வளர்ந்து முடித்த பிறகு இம்பிளான்ட்டை யோசிக்க வழி திறந்தே இருக்கும்.

காலத்தைப் பற்றி ஒன்று. பல் போன இடத்தில் எலும்பு சும்மா இருக்காது. பிடுங்கி ஒரு வருடத்துக்குள் அந்த இடத்து எலும்பின் அகலத்தில் ஏறக்குறைய பாதி குறைந்துவிடும், அதிலும் பெரும் பங்கு முதல் மூன்று மாதத்திலேயே போய்விடும். மேல் கடைவாய்ப் பக்கத்தில் மூக்கை ஒட்டிய காற்றறையும் கீழே இறங்கி வரும். பல வருடம் கழித்துத் திருகு போடப் போனால் எலும்பு வைத்துக் கட்டுகிற இன்னோர் அறுவையும் செலவும் சேரும். ஆகவே பிடுங்குகிற நாற்காலியில் இருக்கும்போதே, "டொக்டர், இந்த இடத்தில பிறகு என்ன வைக்கலாம்?" என்று கேளுங்கள். பிரிட்ஜுக்கும் கட்டுப்பல்லுக்கும் இந்த அவசரம் அவ்வளவு இல்லை.

பயணக் கணக்கும் இருக்கிறது. கொழும்பிலோ கண்டியிலோ இருப்பவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பல் டொக்டரிடம் போய்வரலாம். மூதூரிலோ குச்சவெளியிலோ இருந்து டவுனுக்கு வருவதற்கே காலைப்பொழுது போய்விடும். சிக்கலான கேஸ் என்று பேராதனைப் பல் வைத்தியசாலைக்கு அனுப்பினால் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை தாண்டி அரை நாள் பயணம். இம்பிளான்ட்டுக்குப் பார்வையிட ஒரு தடவை, ஸ்கான், அறுவை, தையல் பார்க்க, அச்சு எடுக்க, கிரவுன் வைக்க, அப்புறம் வருடா வருடம் பரிசோதனை என்று போய்வர வேண்டும். வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிற உறவினர் மூன்று கிழமைக்குள் முடித்துத் தாருங்கள் என்று கேட்பது வழக்கம். திருகையும் கிரவுனையும் ஒரே லீவில் முடிக்கிற முறையும் உண்டு, ஆனால் எலும்பு நல்ல திடமாக உள்ள சிலருக்குத்தான் அது பொருந்தும். இரண்டு லீவாகப் பிரித்துச் செய்வது நல்லது.

விலையும் பேசியாக வேண்டும். திருகும் அதன் துணைப் பாகங்களும் இறக்குமதி. 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபது வரை ஏறியபோது இவற்றின் விலையும் சேர்ந்தே ஏறியது. ஒரு இம்பிளான்ட்டின் செலவில் பல கட்டுப்பல் செய்யலாம். விலை சொல்லும்போது திருகுக்கு மட்டும் சொல்கிறார்களா, இணைப்புத் துண்டு, கிரவுன், ஸ்கான், தேவைப்பட்டால் எலும்பு எல்லாம் சேர்த்தா என்று கேட்டு, எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். பாதித் தொகையைக் கேட்டுத் தொடங்கிவிட்டு நடுவழியில் நிற்கிற ஆட்களைப் பார்த்தால் மனம் கஷ்டப்படும்.

கட்டுப்பல்லை ஏழைகளின் வழி என்று ஒதுக்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பல பற்கள் பல இடங்களில் போயிருந்தால் அதுதான் நேரான விடை. அக்ரிலிக்கில் செய்தது மலிவு, பிறகு இன்னொரு பல் போனால் அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் தடிப்பு, முரசின் மேல் அழுத்தும். கோபால்ட் குரோமியம் உலோகத்தில் செய்தது மெல்லியது, மிச்சப் பற்களில் ஏறி அமர்வதால் முரசு நசுங்காது. விலை கூடத்தான், ஆனாலும் நீண்ட காலம் போட நினைப்பவர் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். எதுவானாலும் இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள். கழற்றாமல் தூங்குகிறவர்களின் அண்ணம் சிவந்து பூஞ்சை பிடிக்கும். கொதிநீரில் கழுவினால் அக்ரிலிக் வளைந்து போகும்.

கீழ்த்தாடையில் ஒரு பல்லும் இல்லாதவர்களைப் பற்றி நான் கூடுதலாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் கஷ்டப்படுகிறவர்கள் அவர்கள்தான். மேல் கட்டுப்பல்லுக்கு அண்ணம் முழுதும் ஒட்டிக்கொள்ள இடம் உண்டு. கீழே நாக்கு ஓயாமல் அசைவதால், குதிரை லாட வடிவில் உள்ள மெல்லிய துண்டு ஒவ்வொரு வாய்க்கும் மிதக்கும். முழுக் கட்டுப்பல் போட்டவரின் கடிக்கும் பலம் சொந்தப் பல்லின் சுமார் நாலில் ஒரு பங்குதான். என் அம்மா கணவாய்க் கறியை விட்டார், கச்சானை விட்டார், கடைசியில் விருந்துக்குப் போவதையும் குறைத்துக்கொண்டார். இவர்களுக்கு வாய் நிறையத் திருகு தேவையில்லை. முன்பக்கம் இரண்டே இரண்டு திருகு வைத்து, கட்டுப்பல்லை அதில் கிளிக் என்று மாட்டினால் போதும். 2002இல் மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல் இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் யோசிக்க வேண்டியது இதுதான் என்று அறிவித்தார்கள். கழற்றிக் கழுவலாம், உள்ளே உள்ள ரப்பர் வளையம் தேய்ந்தால் மலிவாக மாற்றலாம். குடும்பத்தில் இம்பிளான்ட்டுக்கு ஒதுக்க ஒரே ஒரு தொகைதான் இருக்கிறது என்றால், ஒரு கடைவாய்ப் பல் போன மகனை விட ஆடுகிற கீழ்க் கட்டுப்பல்லோடு இருக்கிற தாய்க்கே அதைச் செலவழிக்கச் சொல்வேன்.

ஒன்றுமே வைக்காமல் விடுவதும் ஒரு வழிதான். நெதர்லாந்துப் பல் மருத்துவப் பேராசிரியர் கெய்சர் 1981இலேயே, கடைக்கோடிப் பற்கள் இல்லாவிட்டாலும் முன்பற்களும் முன்கடைவாய்ப் பற்களும் மேலும் கீழும் பொருந்தி நின்றால் பெரும்பாலானோர் வசதியாகச் சாப்பிட முடியும் என்று காட்டினார். இருபது நல்ல பற்கள் போதும் என்பது உலக சுகாதார நிறுவனமும் வைத்த இலக்கு. கடைசிக் கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் போயிருந்தால் அப்படியே விடலாம். நடுவில் உள்ள பல் போனால் பக்கத்துப் பல் சாயலாம், எதிர்ப் பல் இறங்கலாம். அங்கே டொக்டர் கண்காணிக்கட்டும்.

பதிவில்லாத ஆட்கள் வீட்டுக்கே வந்து, உடனே உறைகிற அக்ரிலிக்கால் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டிவிடுகிற 'நிரந்தரப் பல்' மட்டும் வேண்டவே வேண்டாம். கழற்றவும் முடியாது, கழுவவும் முடியாது, ஒட்டிய பற்களும் சேர்ந்து அழுகும். இலங்கை மருத்துவ சபையில் பதிவு உள்ளவரா என்று பார்த்துவிட்டே வாயைத் திறவுங்கள்.

வைத்த பிறகு: இம்பிளான்ட்டில் சொத்தை வராது, ஆனால் அதைச் சுற்றிய முரசு கெடும். வலியும் பிந்தித்தான் தெரியும். சொந்தப் பல்லின் வேரைச் சுற்றியுள்ள உணர்வுள்ள நார் அங்கே இல்லாததால் எவ்வளவு அழுத்திக் கடிக்கிறோம் என்பதும் சரியாகப் புரியாது. நண்டுக் காலை அந்தப் பல்லால் உடைக்காதீர்கள். பிரிட்ஜின் அடியில் நூலையோ சின்னப் பிரஷ்ஷையோ தினமும் நுழைக்க வேண்டும். திருகின் கம்பெனிப் பெயர், அளவு, தொகுதி எண் உள்ள அட்டையைக் கட்டாயம் கேட்டு வாங்கி, தேசிய அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கம்பெனித் திருகுக்கும் வேறு வேறு சாவி. போட்டவர் ஊர் மாறியிருந்தாலும், அந்த அட்டை இருந்தால் இன்னொரு டொக்டர் தளர்ந்த இணைப்பை இறுக்கித் தர முடியும்.