ஏழு குளிர்காலமாகக் கிராத்தான்

வேலைக்காக பிரான்ஸின் கிரெனோபிளுக்கு வந்த முதல் குளிர்காலம், 2018. ஆபீஸ் கேன்டீனில் கோழி வறுவலுக்குப் பக்கத்தில் கிராத்தான் என்று ஒரு சதுரத் துண்டு வைத்தார்கள். மேலே பழுப்பேறிய மொறுமொறுப்பு, கீழே கரண்டி பட்டால் ஏடு ஏடாகப் பிரியும் உருளைக்கிழங்கு. கோழியை விட்டுவிட்டு அதை மட்டும் இரண்டாவது முறை போய் வாங்கினேன். சீஸ் போட்டு அவனில் (oven) வைத்தால் வந்துவிடும் என்று அந்த வாரக் கடைசியிலேயே வீட்டில் செய்தும் பார்த்தேன். வரவில்லை. இப்போது ஏழு குளிர்காலம் ஆகிவிட்டது. மாதம் இரண்டு முறையாவது செய்கிறேன். முதல் தடவை ஒரு கிலோ கிழங்குக்கு 200 கிராம் சீஸ் போட்டேன். இப்போது போடுவது 50 கிராம். நடுவில் இருக்கும் 150 கிராம் எப்படிக் குறைந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

பண்டத்தின் முழுப் பெயர் கிராத்தான் தோஃபினுவா. கிரெனோபிளைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தோஃபினே மாகாணத்துச் சமையல். 1788 ஜூலை 12 அன்று காப் என்ற ஊரில் கிளெர்மோன்-தொன்னேர் பிரபு நகர அதிகாரிகளுக்குக் கொடுத்த விருந்தில் பரிமாறியதாகத்தான் முதல் எழுத்துப் பதிவு. அடுத்த வருடம் புரட்சி வந்து பிரபு பட்டமெல்லாம் போய்விட்டது, கிழங்கு தட்டிலேயே இருக்கிறது.

எங்கள் மேல்மாடியில் தொண்ணூறை நெருங்கும் ஒரு மதாம் இருக்கிறார். முதலில் செய்ததில் ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலே இருந்த சீஸைக் கத்தியால் ஒதுக்கிவிட்டு, "இது சவ்வாக்காரர்கள் வேலை" என்றார். பக்கத்து சவ்வா பகுதியில்தான் போஃபோர் சீஸைத் துருவி அடுக்கி, பாலுக்குப் பதில் காய்கறி அல்லது இறைச்சி வேகவைத்த சாறு ஊற்றுவார்களாம். தோஃபினே முறையில் பால், கிரீம், பூண்டு, ஜாதிக்காய், அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் பாதி சரி என்று புரிய மூன்று வருடம் ஆனது.

முதல் தோல்விக்குக் காரணம் பால். இங்கே பால் பாட்டிலின் மூடி நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டும்: சிவப்பு முழுக்கொழுப்பு, நீலம் பாதி கொழுப்பு எடுத்தது. நான் உடம்புக்கு நல்லது என்று நீலத்தை வாங்கி, அவனை 200 டிகிரியில் வைத்துவிட்டேன். திறந்து பார்த்தால் பன்னீருக்குப் பாலைத் திரித்தது போலக் குருணை குருணையாக மிதக்கிறது, கீழே பச்சைத் தண்ணீர். உப்பு, கிழங்கின் லேசான புளிப்பு, நீண்ட நேரக் கடும் சூடு மூன்றும் சேர்ந்தால் கொழுப்பு குறைந்த பால் தாங்காது. அன்று அதை மூடி மறைக்கத்தான் அத்தனை சீஸ் போட்டேன். இப்போது சிவப்பு மூடிப் பால் அரை லிட்டர், 30 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் கால் லிட்டர், சூடு 160 டிகிரிக்கு மேல் ஏறவே ஏறாது. ஒருமுறைகூடத் திரியவில்லை.

இரண்டாவது பாடம் அம்மாவால் வந்தது. 2022-இல் அம்மா கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தபோது, நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் கிழங்கையெல்லாம் அழகாக வில்லை வில்லையாக நறுக்கித் தண்ணீரில் போட்டு வைத்திருந்தார். "தண்ணியில போடலைன்னா கறுத்துப் போயிடும் கண்ணு." நம் வீடுகளில் எல்லாருக்கும் இருக்கும் பழக்கம். நானும் ஒன்றும் சொல்லாமல் அதையே வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்தும் பால் பாலாகவே இருந்தது. கிழங்கு வெந்து தனியாக நிற்கிறது, பால் தனியாக ஓடுகிறது. மாவுச்சத்தெல்லாம் அந்தத் தண்ணீரோடு போயிருந்தது. இந்தப் பண்டத்தில் மைதா கிடையாது, சோளமாவு கிடையாது. கெட்டிப்படுத்துவது கிழங்கிலிருந்து இறங்கும் மாவு ஒன்றுதான். அதனால் தோலைச் சீவியபின் முழுக் கிழங்கைக் கழுவலாம், நறுக்கிய பிறகு தண்ணீர் காட்டக் கூடாது.

இப்போது செய்வது இப்படி. பாலும் கிரீமும் இரண்டு பல் நசுக்கிய பூண்டும் தலைதட்டி ஒரு தேக்கரண்டி உப்பும் அடி கனமான பாத்திரத்தில் வைத்து, 3 மில்லிமீட்டர் கனத்தில் சீவிய கிழங்கை அதிலேயே போட்டுச் சிறுதீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். மரக்கரண்டியால் அடியைத் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் பிடித்துவிடும். துழாவும் கைக்கே தெரியும்: முதலில் சளசளவென்று இருக்கும் பால் திடீரென்று கரண்டியின் பின்புறத்தில் ஒட்ட ஆரம்பிக்கும், பாயசம் இறங்கும் பதம். உடனே இறக்கி, ஜாதிக்காயை நான்கு இழுப்பு துருவுவேன். குழந்தைக்கு உரைமருந்து உரைக்கும் வாசனை அடிக்கும். அம்மா அதைக் கேட்டுச் சிரித்தார். அப்புறம் பீங்கான் தட்டில் பரப்பி அவனில் 50 நிமிடம். சீஸ் கடைசி 15 நிமிடத்துக்கு மட்டும். வெளியே எடுத்து கால் மணி நேரம் தொடாமல் வைக்க வேண்டும். இதில் நான் இன்னும் தோற்கிறேன், பசிக்கிறதே.

சீஸ் விஷயத்தில் எமென்தால், மொசரெல்லா, போஃபோர், கோம்தே எல்லாம் போட்டாயிற்று. பாக்கெட்டில் துருவி வரும் எமென்தால் மலிவு, ஆனால் ஒட்டாமலிருக்கக் கலந்த மாவு மேலே தோல் போலக் காய்கிறது. மொசரெல்லா நூலாக இழுபடும், போட்டோவுக்கு நல்லது, ருசி சைபர். பன்னிரண்டு மாதம் பழுத்த கோம்தே கொஞ்சம் போட்டாலே போதும், வறுத்த கொட்டை மணம் வரும். அதிகம் போட்டால் எண்ணெய் கக்கிக் குளமாக நிற்கும். பால் சரியாகக் கெட்டிப்பட்டுவிட்டால் சீஸுக்கு மேல்மூடி வேலை மட்டும்தான். ஒன்று சொல்ல வேண்டும்: கோம்தே, போஃபோர் இரண்டும் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் உறைய வைப்பவை. சைவம் பார்ப்பவர்கள் விசாரித்து வாங்குங்கள். எனக்கே இது இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நான் பார்ப்பதில்லை, ஆனால் அம்மாவுக்கு முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

மற்ற கிழங்குகளையும் விடவில்லை. செலரி-ராவ் என்று ஒன்று கிடைக்கும், மண் அப்பிய முண்டு முடிச்சான உருண்டை. பாதிக்குப் பாதி உருளையோடு சேர்த்தால் வெறும் உருளையைவிட எனக்குப் பிடிக்கும். வெள்ளைக் கேரட் போல இருக்கும் பார்ஸ்னிப் கால்வாசி போதும், இனிப்பு. பீட்ரூட் போட்ட அன்று மொத்தமும் ரோஜா நிறம். என் மகள் மட்டும் சாப்பிட்டாள். கேரட்டிலும் டர்னிப்பிலும் உருளை அளவு மாவு இல்லை, தண்ணீர் விட்டுக்கொள்ளும். தொபினாம்பூர் கிழங்கு அற்புதமான ருசி, ஆனால் அதில் இருக்கும் இன்யுலின் செரிக்காமல் குடலுக்குப் போய்ச் செய்யும் கச்சேரி மறுநாள் ஆபீஸ் மீட்டிங்கில்தான் தெரிந்தது. மேல்மாடி மதாம் அதையும் ருத்தாபகா என்ற டர்னிப் மாதிரிக் கிழங்கையும் வீட்டுக்குள்ளேயே விடமாட்டார். ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டு போய்விட, ஜனங்கள் இந்த இரண்டையும் தின்றே பிழைத்தார்கள். வாழ்நாளுக்குப் போதுமான அளவு வீட்டில் ஆக்கியாயிற்று என்பார்.

பாத்திரங்களில் என் முதல் கண்ணாடித் தட்டு இரண்டாம் வருடம் போனது. முதல் நாள் அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்ததை அப்படியே சூடான அவனுக்குள் தள்ளினேன். டப்பென்று ஒரு சத்தம், தட்டு இரண்டாகி பால் முழுக்க அடுப்பின் தரையில். தப்பு என்னுடையதுதான். சீவும் பலகையில் கட்டைவிரல் நுனி போனதும் என் தப்பு, கைப்பிடிக் காப்பைப் போடச் சோம்பல். எங்கள் வாடகை வீட்டு அவனில் டிகிரி கிடையாது, 1 முதல் 8 வரை எண்தான். எண்ணை முப்பதால் பெருக்கினால் டிகிரி வந்துவிடும்: 5 என்றால் 150, 6 என்றால் 180. நான் ஐந்துக்குச் சற்று மேலே நிறுத்துவேன்.

2023-இல் ஊருக்குப் போனபோது அக்கா வீட்டு ஓடிஜியில் (மேசைமேல் வைக்கும் சின்ன மின்சார அவன்) செய்தேன். ஊட்டிக் கிழங்கு பிரமாதமாக வேலை செய்தது. ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டும் டெட்ரா பேக்கில் வரும் 25 சதவீத கிரீமும் போதும். மேல்கம்பி தட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பதால் முதல் அரை மணி நேரம் ஃபாயில் போட்டு மூடினேன். நடுவில் கரண்ட் போய் இருபது நிமிடம் கழித்து வந்தது, ஒன்றும் ஆகவில்லை, உள்சூட்டிலேயே வெந்திருந்தது. சீஸுக்குப் பச்சைப் புள்ளி போட்ட செடார். அக்கா பக்கத்தில் எலுமிச்சை ஊறுகாய் வைத்தாள். அதை யாரும் பிரான்ஸில் சொல்லித் தரவில்லை, ஆனால் இனி அது இல்லாமல் எனக்கு இறங்காது.

மிஞ்சினால் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், எண்ணெய் பிரிந்துவிடும். மூடி போட்டு அவனில் 150-இல் கால் மணி நேரம். ஃப்ரீசரில் வைத்தால் தண்ணீர் விட்டுச் சொதசொதவென்று ஆகிவிடும்.

கிராத்தான் என்ற சொல்லே சுரண்டுவதைக் குறிக்கும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. தட்டின் நாலு மூலையிலும் கறுப்புக்கும் பழுப்புக்கும் நடுவில் பால் காந்தி ஒட்டியிருக்கும் பாருங்கள், பால்சட்டியைச் சுரண்டித் தின்றவர்களுக்குத் தெரியும் அந்த ருசி. எங்கள் வீட்டில் யார் தட்டைக் கழுவுகிறார்களோ அந்த மூலை அவருக்கு. அதனால் ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் நான்தான் கழுவுகிறேன்.